சட்டிக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் முதுநகர்த் துறைமுகத்துப் பக்கம் போய் மீன் வாங்கி வருகிறவர்களை வழியிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். கையில் தொங்கும் பையின் மூலையிலிருந்து ஐஸ் கரைந்த நீர் சொட்டுச் சொட்டாகத் தெருவில் கோடு போட்டுக்கொண்டே வரும். சங்கரா, கிழங்கான், நெத்திலி, கையில் காசு தாராளமாக இருந்தால் வஞ்சிரம். வீட்டுக்கு வந்த மீனை அலசி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் புரட்டி, பகல் 12 மணிவாக்கில் காய்ந்த எண்ணெயில் போடுவார்கள். தெருவில் சொட்டியது போக மிச்சமிருந்த நீர் அப்போது தன் வேலையைக் காட்டும். சடசடவென்று சத்தம். வறுக்கிறவர் ஓரடி பின்வாங்குவார். புறங்கையில் இரண்டு புள்ளி சிவந்திருக்கும். "எண்ணெய் தெறிச்சிடுச்சு" என்பார்.

பழி எண்ணெய் மேல் விழுகிறது. ஈரமே இல்லாத சட்டியில் ஈரமே இல்லாத எண்ணெயை ஊற்றிச் சூடேற்றிப் பாருங்கள். இளகும், நெளியும், புகையும், விட்டால் தீப்பற்றக்கூடச் செய்யும். ஆனால் ஒரு துளிகூட வெளியே குதிக்காது. அதைக் குதிக்க வைப்பது தண்ணீர். மீனில் ஒட்டிய தண்ணீர், கரண்டியில் தங்கிய தண்ணீர், மூடியில் வியர்த்த தண்ணீர், சீடை உருண்டைக்குள் அடைபட்ட தண்ணீர். அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் இன்றைய பேச்சு.

முதலில் சூட்டின் கணக்கு. கடலூர் கடல்மட்டத்து ஊர். இங்கே திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதன்பின் விறகை எவ்வளவு திணித்தாலும் நீரின் சூடு ஏறாது. கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும். வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்து பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி எரியும் அந்த அடுப்பிலும் உலைநீருக்கு எல்லை அதே 100 டிகிரிதான். எண்ணெய்க்கு அப்படி ஒரு வேலி கிடையாது. வடையும் பஜ்ஜியும் பொரியும்போது அது 160 முதல் 190 டிகிரி வரை இருக்கும். கவனிக்காமல் விட்டால் அதற்கும் மேலே ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். ஆகவே மீனிலிருந்து நழுவும் நீர்த்துளி எண்ணெயின் மேல் மிதப்பதில்லை, அடியில் போய் உட்காருகிறது. சட்டியின் அடிதான் நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் இடம். பானையில் நீர் கொதிக்கும்போது பாத்திரத்தின் உட்புறச் சொரசொரப்பில் சின்னச் சின்னக் குமிழிகள் பிறந்து நிதானமாக மேலே வரும். வழவழப்பான எண்ணெய் நாலாபுறமும் சூழ்ந்த துளிக்குக் குமிழி பிறக்கத் தோதான அந்த இடம் கிடைப்பதில்லை. அதனால் சில வேளை 100 டிகிரியைத் தாண்டியும் அது நீராகவே அடங்கிக் கிடக்கும். பிறகு ஒரு நொடிக்குள் மொத்தமும் ஆவியாகிவிடும்.

நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். ஒரு மில்லிலிட்டர் என்பது சுமார் 20 சொட்டு. அந்தக் கணக்கில் ஒரே ஒரு சொட்டு, டீக்கடைக் கண்ணாடி தம்ளரை ஏறக்குறைய நிரப்பும் அளவு ஆவியாகிறது. ஒரு தம்ளர் ஆவி எண்ணெயின் அடியில் திடீரென்று முளைத்தால், மேலே உள்ள எண்ணெய்க்கு ஒதுங்கி வழிவிட நேரமேது? அதைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் ஆவி வெளியேறும். இதே மாவட்டத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் விசையால் சுழலிகளைச் சுற்றி, 1962 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே ஆவி குழாய்க்குள் கட்டுப்பட்டு உழைக்கிறது. அடுப்படியில் அதைக் கட்டுப்படுத்துவார் யாரும் இல்லை.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்க்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. கல் மிதமாகக் காய்ந்திருந்தால் நீர் 'சுர்ர்' என்று சுண்டிப் போகும். மிகவும் காய்ந்திருந்தால் அது முத்துப்போல உருண்டு கல்லின் மேல் ஓடியாடும். துளியின் அடிப்பக்கம் ஆவியாகி ஒரு மெத்தைபோல் அதைத் தாங்குவதால் அது உடனே சுண்டுவதில்லை. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756இல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இது அறிவியலில் இன்றும் வழங்குகிறது. நம் பாட்டிமார் பெயர் எதுவும் வைக்காமல் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் இந்தச் சோதனை கல்லுக்கு மட்டுமே உரியது. அதே கைப்பழக்கத்தில் எண்ணெய்ச்சட்டியிலும் இரண்டு சொட்டு தெளித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கல்லின் மேல் ஓடியாடும் துளி, எண்ணெயில் மூழ்கினால் வெடிக்கும்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க மாவுதான் சரி. சிதம்பரம் கீழவீதியிலோ கடலூர் சில்வர் பீச்சிலோ பஜ்ஜி போடுகிறவர் கிள்ளுமாவு விட்டுப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாவு அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை. இறங்கி, சலசலத்து, மேலே வந்தால் பதம். போட்டதும் கருகினால் தீயைத் தணிக்க வேண்டும். மாவிலும் தண்ணீர் உண்டுதான். ஆனால் அந்த நீர் மாவின் பிடியில் இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வர முடியும்.

கண்ணுக்கு முன்பே காது இதையெல்லாம் கண்டுகொள்ளும். ஈரக்குச்சியை எண்ணெயில் விட்டு, எழும் சத்தத்தைக் கேட்டுச் சூட்டை மட்டிடும் பழக்கம் குச்சியால் உண்ணும் நாடுகளில் உண்டு. 2022இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று, இந்தச் சத்தத்தையே ஆராய்ந்து 'ஃபிசிக்ஸ் ஆஃப் ஃபுளூயிட்ஸ்' என்ற ஆய்விதழில் எழுதியது. அதிவேகக் கேமராவும் ஒலிவாங்கியும் வைத்து, காய்ந்த எண்ணெயில் நீர் படும் கணத்தைப் பதிவு செய்தார்கள். நீர் எண்ணெயின் மேற்பரப்பை ஒட்டி வெடித்து அதைக் கிழிப்பது ஒரு வகை. உள்ளே நீண்டு வளர்ந்து மேலே வாய் திறப்பது இன்னொன்று. எண்ணெய்க்குள்ளேயே பருத்தும் சுருங்கியும் துடித்து அடங்குவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓசை. நம்மிடம் 'படார்', 'சடசட', 'சலசல' என்று சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வடை போடுகிறவர் சலசலப்பு அடங்கியதும் சல்லடைக்கரண்டியை விடுகிறார் என்றால், வடைக்குள்ளிருந்து வரவேண்டிய நீர் வந்து முடிந்தது என்று அவருக்குக் காது சொல்லிவிட்டது என்று பொருள்.

இனி ஞாயிற்றுக்கிழமை மீனுக்குத் திரும்புவோம். பச்சை மீனின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். அதை முழுவதும் எடுத்துவிட்டால் கருவாடாகிவிடும். உள்ளே இருக்கும் நீர் சதையின் பிடியில் இருப்பதால் மெல்லத்தான் வரும். தொல்லை தருவது மேலே நிற்கும் நீர். உப்பு புரட்டி வைத்தால் அது உள்ளிருக்கும் நீரையும் இழுத்து வெளியே விடும். அரைமணி ஊறிய மீன் தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள், சிவந்த நீர் ஓடி வந்து நிற்கும். பலர் அந்த மசாலா நீரோடேயே துண்டை எடுத்து எண்ணெயில் போடுகிறார்கள். அந்த நீரை வடித்துவிட்டு, துண்டின் மேல் கொஞ்சம் அரிசி மாவு தூவிப் புரட்டிப் போட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். மாவு மேலீரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மொறுமொறுப்பு கூடுதல் லாபம்.

மீன் சினை வேறு கதை. ஒவ்வொரு முட்டையும் மெல்லிய தோலுக்குள் நீரை வைத்திருக்கும் தனித்தனிப் பை. ஆயிரக்கணக்கான பைகள் ஒரே சமயத்தில் சூடானால் பட்டாசுச் சரம்போல ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். சினையை முதலில் மஞ்சள் நீரில் வேகவைத்து, ஆறவிட்டு, துண்டு போட்டு, பிறகு குறைந்த தீயில் சுருட்டி எடுப்பதே நல்லது. கணவாயும் இறாலும் சூடு பட்டதும் சுருங்கி நீரைக் கக்கும். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறாலை எண்ணெயில் போடும் முன் வெறும் சட்டியில் புரட்டி, அதன் நீரிலேயே சுண்டவைக்கும் வழக்கம் ருசிக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

சிதம்பரத்தின் பேர் சொல்லும் பண்டம் கொத்சு. கத்திரிக்காய் இல்லாமல் அது இல்லை. கத்திரிக்காயில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர். அது போதாதென்று, நறுக்கியது கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போட்டு வைக்கிறோம். நீரில் கிடந்த துண்டுகளைக் கையால் அள்ளி அப்படியே நல்லெண்ணெயில் கொட்டினால், கையின் நீரும் சேர்ந்து சட்டியில் விழுகிறது. ஐந்து நிமிடம் வடிதட்டில் கிடக்க விடுவது அத்தனை பெரிய வேலையில்லை. கறிவேப்பிலையும் அப்படித்தான். கடுகு தாளிக்கும் அவசரத்தில் கழுவிய கொத்தை உதறாமல் உருவிப் போடுவதால் முகத்தில் தெறிக்கிறது. கடுகு வெடிப்பதுகூட அதன் தோலுக்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகி ஓட்டை உடைப்பதால்தான். அங்கே ஈரம் மிகக் குறைவு என்பதால் நாம் அதை வெடிப்பென்று நினைப்பதில்லை, 'பொரிந்தது' என்கிறோம்.

எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் தெறிக்காது என்று பரவலாகச் சொல்கிறார்கள். சட்டியின் அடியில் லேசாக ஈரப்படலம் இருந்தால் தூளுப்பு அதைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சொட்டச் சொட்டப் போட்ட மீனை உப்பு காப்பாற்றாது. கல்லுப்பு போட்டால் நிலைமை மோசமாகும். உப்புக் கல்லின் உள்ளேயே உப்புநீர் சிறைப்பட்டிருக்கும், சூட்டில் அது கல்லைப் பிளந்துகொண்டு தெறிக்கும்.

மூடி போட்டு வறுக்கலாமே என்று தோன்றும். போட்டால் தெறிப்பு வெளியே வராதுதான். ஆனால் எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் மோதிக் குளிர்ந்து வியர்வைபோலக் கோத்து நிற்கும். மூடியை நேராகத் தூக்கினால் அத்தனை நீரும் ஒரே நேரத்தில் எண்ணெயில் கொட்டும். அப்போது முகம் சட்டிக்கு நேர் மேலே இருக்கும். மூடியை எடுப்பதானால் தன் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, நீர் சட்டிக்கு வெளியே வழியும்படி எடுக்க வேண்டும். பெரிய சல்லடை ஒன்றைக் கவிழ்த்து வைப்பது இதைவிட உத்தமம். கம்பிவலை ஆவியைப் போகவிட்டு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும்.

சீடைக்குத் தனியாக நேரம் ஒதுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. கோகுலாஷ்டமிக்கு முந்தைய நாள் தமிழ்நாட்டு அடுப்படிகளில் நிலவும் பயம் வேறெந்தப் பண்டிகைக்கும் இல்லை. மீன் தெறித்தால் எண்ணெய்ப் புள்ளி விழும், அவ்வளவுதான். சீடை வெடித்தால் உருண்டை துண்டு துண்டாகச் சிதறி, காய்ந்த எண்ணெயையும் வாரிக்கொண்டு முகம், கழுத்து, கண் என்று பாயும். ஒரு சீடை வெடித்த அதிர்ச்சியில் சட்டியையே தட்டிவிட்டவர்கள் உண்டு. 'இந்த வருஷம் சீடை வேண்டாம், கடையில் வாங்கிக்கலாம்' என்று பல வீடுகள் முடிவெடுத்ததற்குக் காரணம் சோம்பல் அல்ல, பயம்.

ஏன் வெடிக்கிறது? உருண்டையின் மேற்புறம் எண்ணெய் பட்டதும் முதலில் இறுகி ஓடாகிறது. உள்ளே மாவில் இன்னும் ஈரம் இருக்கிறது. சூடு மெல்ல நடுப்பகுதிக்குப் போய், அங்கே உள்ள நீரை ஆவியாக்கும்போது, வெளியே வரத் துவாரம் இல்லை. சீடையை எவ்வளவு வழவழவென்று அழுத்தி உருட்டுகிறோமோ அவ்வளவு பலமாக அதன் வாயை அடைக்கிறோம். அதோடு சலிக்காத மாவில் கிடக்கும் ஒரு குருணை, கரையாத ஒரு உப்புக்கல், தேங்காய்த் துருவலின் ஈரம் என்று உள்ளே இன்னும் பல சின்னச் சின்ன வெடிமருந்துகள் சேர்கின்றன. கைதேர்ந்த பெண்கள் தலைமுறைகளாகச் செய்யும் ஒவ்வொரு செயலும் இந்த ஆவிக்கு வழி விடும் ஏற்பாடுதான். அரிசி மாவையும் உளுத்த மாவையும் வறுப்பது ஈரத்தைக் குறைக்க. இரண்டு முறை சலிப்பது குருணையை நீக்க. உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது கல்லை ஒழிக்க. உருண்டையை அழுத்தாமல், கொஞ்சம் கீறலும் வெடிப்புமாக உருட்டி, வெள்ளைத் துணியில் பரப்பி உலரவிடுவது, ஊசியால் ஒரு குத்துக் குத்துவது, எண்ணெயை மிதமாக வைத்து உள்ளும் புறமும் ஒன்றாக வேகவிடுவது எல்லாம் அதே நோக்கம். விரிசல் விட்ட சீடையைப் பார்த்து 'அழகாக இல்லை' என்று இளையவர்கள் மறுபடி உருட்ட, 'அது அப்படியே இருக்கட்டும்டி' என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த விரிசல்தான் முகத்தைக் காக்கிறது.

பூரியில் இதே ஆவியை வேண்டுமென்றே அடைக்கிறோம். அங்கே தோல் மெல்லிசு, இழுபடக்கூடியது. அதனால் உடையாமல் உப்புகிறது. முழுப் பச்சைமிளகாயைக் கீறாமல் பஜ்ஜிக்குப் போட்டால் உப்பும் வசதி கிடையாது, வெடிக்கும். வேகவைத்து உரித்த முழு முட்டையை எண்ணெயில் புரட்டும்போதும் மேலே நான்கு கீறல் அவசியம்.

எண்ணெயிலும் குற்றம் சிறிது உண்டு. இந்தப் பகுதியில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். மணிலாக்கொட்டை என்பதன் மருவல் அது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை, 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்துக்குக் கப்பலேறியது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த வி.ஆர்.ஐ. ரக மல்லாட்டைகளை உழவர்கள் நன்கு அறிவார்கள். சொந்த மல்லாட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. செக்கிலிருந்து வந்த எண்ணெயைத் தெளியவிட்டு வெயிலில் வைப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. எள் ஆட்டும்போது தண்ணீர் தெளித்து, கருப்பட்டியும் சேர்ப்பார்கள். அந்த ஈரமும் கசடும் போகாத எண்ணெய் அடுப்பில் ஏறியதும் நுரைக்கும், சடசடக்கும். புகையும் நிலையும் எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். சுத்திகரித்த கடலெண்ணெய் ஏறத்தாழ 230 டிகிரியில் புகையத் தொடங்கும். செக்கெண்ணெய் அதற்கு வெகு முன்பே புகைந்துவிடும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரை கட்டும். அந்த நுரை ஆவியை உடனே விடாமல் பிடித்து வைத்து, பொங்கிச் சட்டி விளிம்பைத் தாண்டும். காய்ச்சிய எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. உடல்நலத்துக்காக வந்த விதி அது. அடுப்பின் அருகே நிற்கிறவரின் தோலுக்கும் அது நல்லது.

அபாயத்தை அளந்து பேச வேண்டும். மீன் வறுக்கும்போது விழும் மணல் பருமன் துளியில் இருக்கும் வெப்பம் கொஞ்சம். பறந்து வரும்போதே அது சற்று ஆறிவிடும். எரியும், சிவக்கும், மறுநாள் மறைந்துவிடும். உயிருக்கு உலை வைப்பவை வேறு இரண்டு. ஒன்று, எண்ணெய் மொத்தமாகக் கவிழ்வது. 60 டிகிரி சூடுள்ள நீர் 5 விநாடி பட்டாலே தோலில் ஆழமான புண் உண்டாகும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1947இலேயே காட்டினார்கள். 180 டிகிரி எண்ணெய் அதைப்போல் மும்மடங்கு சூடு. நீரைப்போல வழிந்தோடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். ஆட்டம் காணும் அடுப்பில் வாணலியை வைக்காதீர்கள். பண்டத்தை உயரத்திலிருந்து போடாமல், எண்ணெயை ஒட்டிக் கையைக் கொண்டுபோய், தன்னை விட்டு அப்பால் நழுவும்படி விட வேண்டும். பயந்து தூரத்திலிருந்து எறிகிறவர்களுக்குத்தான் அதிகம் தெறிக்கிறது. நைலான், பாலியெஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும், அடுப்படிக்குப் பருத்திதான் ஏற்றது. முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். தரையில் அடுப்பு வைத்துப் பண்டிகைப் பலகாரம் சுடும் வீடுகளில், தவழும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேறு வேலையின்றி இருக்க வேண்டும். தெருவோரக் கடைக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு கவனம் தேவை. தார்ப்பாயில் தேங்கிய நீர் காற்றில் சரிந்து சட்டியில் விழ ஒரு நொடி போதும். உறைபெட்டியிலிருந்து எடுத்த பண்டத்தின் மேல் படிந்த ஐஸும் தண்ணீர்தான். அமெரிக்காவில் நன்றியறிதல் நாளன்று, ஐஸ் விடாத வான்கோழியை முழுசாகக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கி, எண்ணெய் பொங்கி வழிந்து வீடு பற்றிக்கொள்ளும் விபத்துகளை எச்சரித்து ஒவ்வொரு நவம்பரிலும் தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கம் காட்டுகிறார்கள்.

இரண்டாவது அபாயம், எண்ணெயே தீப்பற்றுவது. அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போன நேரத்தில் நடக்கிறது. முதலில் மெல்லிய புகை, பிறகு தடித்த புகை, பிறகு சட்டி முழுக்கச் சுவாலை. அப்போது கை தானாகக் குடத்தை நாடும். ஒரு சொட்டு என்ன செய்தது என்று பார்த்தோம். 200 மில்லி தம்ளர் நீரை அந்தச் சட்டியில் வீசினால் 300 லிட்டருக்கு மேல் ஆவி எழும். அது எரியும் எண்ணெய் முழுவதையும் பொடித்துளிகளாக்கிக் கூரைக்கு எறியும். ஒவ்வொரு துளியும் காற்றில் எரியும். ஒரு தம்ளர் நீர் அடுப்படித் தீயை வீட்டுத் தீயாக்கிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவே: கேஸை அணையுங்கள். சட்டியை நகர்த்தாதீர்கள். வாயை முழுக்க மூடும் உலோகத் தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். எண்ணெய் ஆறும்வரை திறந்து பார்க்காதீர்கள். காற்று புகுந்தால் மீண்டும் பற்றும். கோதுமை மாவையோ மைதாவையோ தூவக் கூடாது, மாவுத்தூளே எரியும். கைமீறிவிட்டால் வீட்டைவிட்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். கூரையும் கீற்றும் உள்ள இடத்தில் பொரிக்கும் அடுப்பை வைப்பது எப்போதும் ஆபத்து. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையலறையிலிருந்து கீற்றுக் கூரைக்குப் பரவிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அது நடந்த ஊர் இங்கிருந்து தூரமில்லை. கல்யாணப் பந்தலின் ஓரத்தில், ஓலைத்தட்டிக்கு அடியில், இன்றும் அப்பளச் சட்டியை வைக்கிறோம். இது மாற வேண்டும்.

சுட்டுவிட்டால்? இவ்வளவு நேரம் பகையாக இருந்த தண்ணீர் இப்போது முதல் மருந்து. குழாயைத் திறந்து சுட்ட இடத்தை 20 நிமிடம் காட்டுங்கள். குழாயில் நீர் வராத நேரமானால், வாளியில் மொண்டு மெல்ல ஊற்றிக்கொண்டே இருங்கள். தோலின் மேலே எரிச்சல் குறைந்தாலும் உள்ளே வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும்; அதை நிறுத்தத்தான் இத்தனை நேரம். வீங்கத் தொடங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஐஸ் கட்டி வைக்க வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இவை வெப்பத்தை உள்ளே பூட்டும், கிருமியைக் கொண்டுவரும், மருத்துவர் புண்ணைப் பார்க்கவும் விடாது. மும்பையில் மருத்துவர்கள் வாழை இலையைத் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்திப் பலன் கண்டிருக்கிறார்கள். அது மருத்துவமனையில் கிருமிநீக்கிய இலை. கொல்லையில் கிள்ளிய குருத்தை அதற்கு ஈடாகச் சொல்ல முடியாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடினால் போதும்.

முகம், கண், மூட்டு, உள்ளங்கை, மறைவிடம் ஆகியவற்றில் பட்டாலோ, உள்ளங்கை அகலத்துக்கு மேல் சுட்டாலோ, பட்டது குழந்தையோ முதியவரோ சர்க்கரை நோயாளியோ ஆனாலோ தாமதிக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்துக்கு அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே. மிகக் கடுமையான காயங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனித் தீக்காயப் பிரிவு நீண்டகாலமாக இயங்கிவருகிறது.

சமையல் முடிந்தபின் என்ன ஆகிறது என்பதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் வறுத்தாகிவிட்டது, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பு மேடையின் விளிம்பில், கைப்பிடி வெளியே நீட்டியபடி, எண்ணெய்ச்சட்டி சத்தமில்லாமல் இருக்கிறது. ஆவியும் இல்லை, சலசலப்பும் இல்லை. ஆறிவிட்டதென்று நினைக்கத் தோன்றும். சாப்பிட்டு எழுந்து தட்டு கழுவும் நேரத்திலும் அது கையைச் சுடும். அதைப் பின்னடுப்புக்குத் தள்ளி, கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தட்டால் மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். பொழுது சாய்ந்ததும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரமில்லாத துணியில் வடிகட்டி, ஈரமில்லாத புட்டியில் ஊற்றிக்கொள்ளலாம்.